நோய்க்காலத்தில் ஜன நடமாட்டமும் ஊர்க்கடை வியாபாரமும்

கடைக்குச் சரக்கு வருவதும், அச்சரக்கை வாங்க ஜனங்கள் வருவதும் ஆகிய இரண்டும் சேர்ந்தே வியாபாரமாகும். முதலாவதைப் பற்றிக் கூட்டுறவுச் சங்க நிர்வாகஸ்தர்கள் மிகுந்த கவலை எடுத்துக்கொள்கிறார்கள். கொள்முதல், இருப்பு, விலைப்பட்டி ஆகியவற்றிற்குத் தனித்தனிப் புஸ்தகங்கள் வைத்திருக்கிறார்கள். இரண்டாவதற்குப் பெரும்பாலும் புஸ்தகம் கிடையாது. வாங்குகிறவர் எங்கிருந்து வந்தார், எதற்காக அவ்வழியே வந்தார், யார் கொடுத்த கூலியைக் கொண்டு வாங்கினார் என்பன ஓரிடத்தும் எழுதப்படுவதில்லை. சாதாரண காலங்களில் இதனால் நஷ்டம் ஒன்றும் தோன்றுவதில்லை. 2020-ம் வருஷத்தில் தோன்றிற்று.

புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூர் செல்லும் பெருஞ்சாலையில் உள்ள தவளக்குப்பத்தை அடுத்துக் கடற்பக்கமாக அமைந்துள்ளது பூரணாங்குப்பம். வடக்கே சுண்ணாம்பாறு; அவ்வாற்றின்மேல் நோணாங்குப்பத்தில் படகுத்துறை. அங்கிருந்து படகேறி ஆற்றின் முகத்திலுள்ள மணற்கரைக்குச் செல்ல வெளியூரார் திரளாக வருவது வழக்கம். கடலோரமாக வீராம்பட்டினம், நல்லவாடு முதலிய மீனவர் கிராமங்கள். சாலை வழியே நகரத்து வேலைக்குச் செல்வோரும், கடலூர்ப் பக்கத்திலிருந்து புதுச்சேரி ஆஸ்பத்திரிகளுக்கு வருவோரும், விடுமுறை நாட்களில் உல்லாசப் பிரயாணிகளும் ஓயாது போய் வருகிறார்கள். இப்பகுதியிலுள்ள காப்பிக்கடை, இளநீர்க்கடை, மளிகைக்கடை, சைக்கிள் பழுதுபார்க்கும் கடை யாவும் இந்த நடமாட்டத்தின் ஓரத்தில் பிழைப்பவை. சாலை ஓர் ஆறு போலவும், கடைகள் அதில் மடைதிறந்த வயல்கள் போலவும் இருக்கின்றன எனலாம். மடைக்கு மேலே நீர் நின்றால் வயல் என்னாகும் என்பது குடியானவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம், கொரோனா நோயை உலகந்தழுவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. மார்ச்சு 22-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை நாடெங்கும் ஒருநாள் ஊரடங்கு நடந்தது. அன்று முதல் பிரயாணி ரயில்களும் நின்றன. 24-ந் தேதி இரவு 8 மணிக்குச் செய்யப்பட்ட அறிவிப்பின்படி அன்று நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் அடைக்கப்பட்டது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே இருந்தது நான்கு மணி நேரம். அடைப்பு பின்பு மே 3, மே 17, மே 31 என மும்முறை நீடிக்கப்பட்டது. புதுச்சேரி ஜில்லாவோ கடலூர், விழுப்புரம் ஜில்லாக்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடப்பது. முள்ளோடை, மதகடிப்பட்டு, கோரிமேடு, கனகசெட்டிக்குளம் ஆகிய எல்லைகளில் தடைகள் வைக்கப்பட்டபொழுது, வயல் ஒரு சர்க்காரிலும் வீடு மற்றொரு சர்க்காரிலும் உள்ள குடும்பங்கள் பட்ட கஷ்டம், எல்லையில்லாத ஊரார் அறியாதது.

நடமாட்டத்தை அளந்த விதம்

முற்காலத்தில் ஒரு சந்தைக்கு எத்தனைபேர் வந்தார்கள் என்றறிய வேண்டுமாயின், வாயிலில் ஆள் நிறுத்தி எண்ண வேண்டும். 2020-ல் அவ்வேலையைக் கைபேசிகள் செய்தன. கைபேசி வைத்திருப்பவர் செல்லுமிடம், அவர் அனுமதித்திருந்தால், கம்பெனியின் கணக்கில் பதிவாகிறது. கூகிள் கம்பெனியார் அக்கணக்குகளைப் பெயர் நீக்கித் திரட்டி, 2020 ஏப்ரல் முதல் 2022 அக்டோபர் வரை தேசவாரியாக வெளியிட்டு வந்தனர். 2020 ஜனவரி 3 முதல் பிப்ரவரி 6 வரையிலான ஐந்து வாரங்களைச் சாதாரண நாட்களாக வைத்துக்கொண்டு, அதற்குமேல் எவ்வளவு கூடிற்று அல்லது குறைந்தது என்பதே அவர்கள் கொடுத்த அளவு.

மார்ச்சு 29-ந் தேதி நிலவரப்படி இந்தியாவில் துணிக்கடை, ஹோட்டல், சினிமா முதலிய இடங்களுக்குச் செல்வோர் நூற்றுக்கு 77 குறைந்திருந்தனர். மளிகை, மருந்துக்கடைகளுக்குச் செல்வது நூற்றுக்கு 65 குறைந்தது. பஸ், ரயில் நிலையங்களில் 71. வேலை ஸ்தலங்களில் 47. வீட்டில் தங்குதல் மட்டும் 22 கூடிற்று. மளிகைக்கும் மருந்துக்கும் தடை கிடையாது என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். தடையில்லாத கடைக்குச் செல்வதும் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது ஏன் என்பதுதான் இப்பாடத்தின் கேள்வி.

இந்த அளவில் ஒரு குறை உண்டு. கைபேசி இல்லாதவர் இதில் கணக்கில்லை. தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்ணும், களையெடுக்கச் செல்லும் கூலியாளும் தங்கள் வீட்டில் கைபேசி இருந்தாலும் அதனை எடுத்துச் செல்வது அருமை. ஆகையால் இத்தகைய எண்கள் நகரத்தாரைப் பற்றி அதிகமாகவும், கிராமத்தாரைப் பற்றிக் குறைவாகவும் பேசுகின்றன. கிராமச் சங்கத்தார் இவற்றைத் திசைகாட்டியாகக் கொள்ளலாம், முழக்கோலாகக் கொள்ளலாகாது.

விற்பனையின் வீழ்ச்சியை வேறு கணக்குகள் காட்டுகின்றன. 2019 ஏப்ரலில் நாடு முழுவதும் வசூலான சரக்கு சேவை வரி 1,13,865 கோடி ரூபாய். 2020 ஏப்ரலில் அது 32,172 கோடி. மே மாதத்தில் 62,151 கோடி. ஜூனில் 90,917 கோடி. அவ்வருஷம் அக்டோபரில்தான் மீண்டும் லட்சம் கோடியைத் தாண்டிற்று. வரி செலுத்த அப்பொழுது தவணை கொடுக்கப்பட்டிருந்தபடியால் ஏப்ரல் மாதத் தொகையைக் கொண்டு விற்பனை நாலிலொரு பங்காயிற்று என்று முடிவு கட்டுவது பிசகு. மொத்த உற்பத்திக் கணக்கு இதைவிட நிதானமானது. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்று மாதங்களில் நாட்டின் உற்பத்தி, முந்திய வருஷத்து அதே மாதங்களைவிட நூற்றுக்கு 23.9 குறைந்ததென்று முதல் மதிப்பீடு கூறிற்று. அதனுள் வியாபாரம், ஹோட்டல், போக்குவரத்து அடங்கிய பிரிவு நூற்றுக்கு 47 வீழ்ந்தது. விவசாயம் மட்டும் 3.4 கூடிற்று. நடந்து சென்று செய்ய வேண்டிய தொழில்கள் விழுந்தன. நின்ற இடத்தில் வளரும் பயிர் வளர்ந்தது.

உத்தரவா, பயமா?

கால்களை நிறுத்தியது சர்க்கார் உத்தரவா, அன்றி ஜனங்களின் பயமா? இது வீண் தர்க்கமன்று. உத்தரவுதான் காரணமென்றால், உத்தரவு நீங்கிய மறுநாளே வியாபாரம் திரும்பிவிடும். சங்கம் சரக்கை நிரப்பிக்கொண்டு காத்திருக்கலாம். பயம்தான் காரணமென்றால், கடை திறந்தும் ஆள் வரமாட்டார்கள். நிரப்பிய சரக்கு கெடும்.

அமெரிக்காவில் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆஸ்டன் கூல்ஸ்பீ, சாட் ஸைவர்ஸன் என்னும் இரு பொருளாதார ஆசிரியர்கள் இதனை ஆராய்ந்தார்கள். அவர்கள் கையாண்ட முறை, எல்லையோரத்தில் வாழும் புதுச்சேரி கிராமத்தாருக்கு எளிதில் விளங்கும். ஒரே வேலைச் சுற்றுவட்டாரத்திற்குள் இரண்டு நிர்வாகங்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று அடைப்பு விதித்தது, மற்றொன்று விதிக்கவில்லை. எல்லையின் இருபுறமும் உள்ள ஒரே ஜாதியான கடைகளுக்கு வந்தவர் தொகையை ஒப்பிட்டால், நோயும் பயமும் பொதுவாயிருக்க, உத்தரவின் பலன் மட்டும் தனியே பிரிந்து தெரியும். 110 வகைத் தொழில்களில் 22½ லட்சம் கடைகளின் கணக்கைப் பார்த்தார்கள். கடைக்குச் செல்வோர் மொத்தத்தில் நூற்றுக்கு 60 குறைந்திருந்தனர். அந்த 60-ல் உத்தரவினால் குறைந்தது 7 மட்டுமே. மற்றதெல்லாம் பெரும்பாலும் தாமாக நின்றவை. இன்னொன்றும் கண்டார்கள். வெளியே சென்றவர்களும் பெரிய, கூட்டமான கடைகளை விட்டுச் சிறிய, கூட்டமில்லாத கடைகளுக்குத் திரும்பினார்கள்.

ஐரோப்பாவிலும் இவ்வாறே. டென்மார்க் தேசம் 2020 மார்ச்சில் கடைகளையும் ஹோட்டல்களையும் மூடிற்று; பக்கத்திலுள்ள ஸ்வீடன் மூடவில்லை. ஒரே பாங்கின் வாடிக்கைக்காரர் ஏறக்குறைய 8,60,000 பேரின் செலவைப் பார்த்ததில், டென்மார்க்கில் செலவு நூற்றுக்கு 29 குறைந்தது. ஸ்வீடனிலும் 25 குறைந்தது. கதவு திறந்திருந்தும் கால் பங்கு வியாபாரம் போயிற்று. வயதானவர்களின் செலவோ, மூடாத ஸ்வீடனில்தான் அதிகமாகக் குறைந்தது. நோய் அதிகம் பரவிய இடத்தில் கிழவர்கள் தாமே கதவடைத்துக்கொண்டார்கள்.

இதனை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்துவது சரியன்று. இங்கு அடைப்பு விதிக்கப்பட்ட தினத்தில் நோயென்று கண்டறியப்பட்டவர்கள் நாடு முழுவதிலும் ஏறக்குறைய 500 பேரே. பயம் முற்றுவதற்கு முன் உத்தரவு வந்துவிட்டது. அன்றாடக் கூலியால் பிழைப்பவனுக்கு, வீட்டில் தங்குவதா வேண்டாமா என்று பயத்தைக் கேட்டு முடிவு செய்யும் வசதியும் இல்லை. சேமிப்பு உள்ளவனுக்கே அந்த வசதி உண்டு. ஆகவே முதல் இரண்டு மாதங்களில் இந்நாட்டு வியாபாரத்தை நிறுத்தியதில் உத்தரவின் பங்கு அமெரிக்காவைவிடப் பெரிது என்றே கொள்ள வேண்டும். ஆனால் உத்தரவு தளர்ந்த பின்பு நிகழ்ந்ததைப் பார்த்தால் பயத்தின் பங்கும் புலனாகும். 2020 ஜூனிலிருந்து படிப்படியாகத் தடைகள் நீங்கின. தமிழ்நாட்டில் ஜில்லாக்களுக்கிடையே செல்ல வேண்டியிருந்த அனுமதிச்சீட்டு செப்டம்பர் 1 முதல் எடுக்கப்பட்டது. 7-ந் தேதி முதல் ஜில்லா விட்டு ஜில்லா பஸ்கள் ஓடின. ஓடிய பஸ்கள் உடனே நிரம்பிவிடவில்லை.

பயம் சட்டத்துக்கு முந்தியது என்பதற்கு இந்நாட்டுச் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது. 1896-ம் வருஷம் செப்டம்பரில் பம்பாய் நகரத்தில் பிளேக் நோய் கண்டது. தொத்து நோய்ச் சட்டம் பிறந்தது 1897 பிப்ரவரி 4-ந் தேதி. இடையிலுள்ள அந்த நாலைந்து மாதங்களுக்குள் எட்டு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட ஜனங்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பம்பாயை விட்டு ஓடிவிட்டார்கள். அங்கே கால்கள் நிற்கவில்லை, வெளியே ஓடின. கடைத்தெருவுக்கு இரண்டும் ஒன்றே. 2020-ல் வேறு பெயரால் அதே காட்சி திரும்பிற்று. வேலையிழந்த தொழிலாளர்கள் நகரங்களிலிருந்து கால்நடையாகவே ஊர் திரும்பினர். மே 1 முதல் அவர்களுக்கெனத் தனி ரயில்கள் விடப்பட்டன. திரும்பியவர்களில் பலர் கிராம வேலையைத் தேடினர். கிராம வேலை உறுதித் திட்டத்தின்கீழ் 2019-20-ல் ஏறக்குறைய 265 கோடி மனித நாட்கள் வேலை நடந்தது, 2020-21-ல் 389 கோடியாயிற்று.

சந்தை ஒன்றே நோய்க்கு வழியாவதும் உண்டு. சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் நோய் பரவியது கண்டு 2020 மே 5-ந் தேதி அது மூடப்பட்டது. அங்கு வேலை செய்துவந்த கூலியாட்கள் கடலூர், விழுப்புரம், அரியலூர் ஜில்லாக்களிலுள்ள தங்கள் ஊர்களுக்குத் திரும்பியபொழுது, அவ்வூர்களில் நோய்க்கணக்கு திடீரென ஏறிற்று. பெரிய மார்க்கெட் ஒன்றில் எல்லாக் கால்களும் கூடுவது சாதாரண காலத்தில் விலைக்கு நல்லது; நோய்க்காலத்தில் அதுவே கேடு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் பஸ் ஓடாத பஸ் நிலையங்கள் காய்கறிச் சந்தைகளாக மாற்றப்பட்டு, இடைவெளி விட்டுக் கடைகள் வைக்கப்பட்டன.

மூன்றுவகை விற்பனை

பூரணாங்குப்பம் போன்ற ஓர் ஊரின் விற்பனையை, அது எக்கால்களை நம்பியிருக்கிறது என்பதைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

வெளியூரார் கால்களை நம்பியது ஒன்று. படகுத்துறைக்கு வருவோருக்கு விற்கும் இளநீர், பலகாரம், வறுத்த மீன். அவர்கள் தங்கும் விடுதிகளுக்குக் கொடுக்கும் பால், காய்கறி ஆகியவை இதிற் சேரும். இது முதலில் விழுவது, கடைசியில் எழுவது. உல்லாசப் பிரயாணத்தை ஒத்திப்போட யாருக்கும் கஷ்டமில்லை. ஆடி மாதத்தில் வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மன் தேருக்குக் கூடும் ஜனத்திரளை எதிர்பார்த்துச் சரக்கு வாங்கும் சிறு வியாபாரிகளும் இவ்வகையினரே. 2020 ஆடியில் பெருங்கூட்டங்களுக்குத் தடை இருந்தது. போன விசேஷத்தின் வியாபாரம் போனதுதான். அடுத்த மாதத்தில் இரட்டிப்பாக வருவதில்லை. இவ்வருஷம் வாங்காத அரிவாளை அடுத்த வருஷம் வாங்குவார்கள். இவ்வருஷம் குடிக்காத இளநீரை அடுத்த வருஷம் சேர்த்துக் குடிக்கமாட்டார்கள்.

நகரத்துக்கு வேலைக்குச் செல்வோரின் கூலியை நம்பியது இரண்டாவது. துணி, பாத்திரம், செருப்பு, கல்யாணச் சாமான் முதலியன. இவ்விற்பனை நின்றபோதிலும், ஒரு பகுதி தாமதமாகவேனும் திரும்பும்.

மூன்றாவது, ஊராரே நடந்துவந்து வாங்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, சோப்பு. இங்குதான் எதிர்பாராத மாறுதல் நேர்ந்தது. நகரத்துப் பெரிய கடையில் மாதச் சாமான் வாங்கிவந்தவர்கள் பஸ் இன்றி ஊர்க்கடைக்கு வந்தார்கள். அமெரிக்க ஆசிரியர்கள் கண்ட திருப்பம் இதுவே. பண்டத்தின் தேவை குறையவில்லை, இடம் மாறிற்று. பணங்கொடுக்கும் வழியும் மாறிற்று. கைபேசி மூலம் பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறையில் 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஏறக்குறைய 125 கோடி தடவை பணம் கைமாறியது. ஏப்ரலில் 100 கோடியாகக் குறைந்தது. ஜூனில் 134 கோடியாகி, நோய்க்கு முந்திய அளவையும் மீறிற்று. நோட்டைத் தொடப் பயந்தவர்களும் பாங்குக்குப் போக முடியாதவர்களும் இம்முறையைக் கற்றுக்கொண்டார்கள்.

மீனவர் நிலை இம்மூன்றிலும் அடங்காதது. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. 2020-ல் மார்ச்சு கடைசி வாரமே கடல் வேலை நின்றுபோனதால், தடைக்காலம் மே 31-ந் தேதியோடு முடிக்கப்பட்டு 47 நாளாகச் சுருக்கப்பட்டது. படகு கடலுக்குச் சென்றாலும் ஏலத்துறையில் வெளியூர் வியாபாரி இல்லாவிடில் விலை கிடைக்காது. ஐஸும் லாரியும் இல்லாத மீன் சாயங்காலத்துக்குள் எருவாகும்.

விற்பனை ஏறுகையில் ரொக்கம் இறங்குதல்

கூட்டுறவு அங்கத்தினர் அனைவரும் பென்சில் எடுத்துக் கணக்குப் பார்க்க வேண்டிய இடம் இது. ஊர்க்கடைக்கு வந்த புதிய வாடிக்கைக்காரர்கள் கூலி நின்றுபோனவர்கள். அவர்கள் வாங்கினது பெரும்பாலும் கடனுக்கு. உதாரணத்திற்காக ஒரு சங்கப் பண்டகசாலையின் கணக்கை எடுத்துக்கொள்ளலாம், எண்கள் கற்பனையே.

சாதாரண மாதத்தில் விற்பனை 2,00,000 ரூபாய். அதில் ரொக்கம் 1,60,000, கடன் 40,000. முந்திய மாதத்துக் கடன் 40,000 வசூலாகிறது. ஆக, பெட்டிக்கு வரும் ரொக்கம் 2,00,000. விற்ற சரக்குக்குப் பதில் சரக்கு வாங்க 1,80,000. சம்பளம், வாடகை, வண்டிச் செலவு 12,000. மிச்சம் 8,000.

நோய் மாதத்தில் விற்பனை கால் பங்கு கூடி 2,50,000 ஆகிறது. ரொக்கம் 1,20,000; கடன் 1,30,000. பழைய கடனில் வசூல் 10,000 மட்டுமே. பெட்டிக்கு வந்தது 1,30,000. மொத்த வியாபாரி ரொக்கமின்றிச் சரக்கு விடுவதில்லை. விற்ற அளவுக்குச் சரக்கு வாங்க 2,25,000 வேண்டும். வண்டி கிடைக்காமையால் செலவும் 15,000. புஸ்தக லாபம் 10,000. அதாவது சாதாரண மாதத்தைவிட 2,000 அதிகம். பெட்டியிலோ 1,10,000 குறைவு!

சங்கத்தின் கைமுதல் 1,50,000 என்று வைத்துக்கொண்டால், முதல் மாத முடிவில் 40,000 நிற்கும். இரண்டாம் மாதம் அலமாரி காலியாகும். விற்பனைப் புஸ்தகத்தை மட்டும் பார்க்கும் காரியதரிசி, சங்கம் முன்னெப்போதும் இல்லாத செழிப்பில் இருப்பதாக அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கும் அதே வாரத்தில் சங்கத்தில் அரிசி இராது. நோய்க்காலத்தில் மூடிப்போன பல சிறு கடைகள் விற்பனையின்றி மூடியவை அல்ல. விற்ற பணம் வராமல் மூடியவை.

கடன் கொடாமலிருப்பது தீர்வாகாது. கூலியற்ற அங்கத்தினருக்கு அரிசி மறுக்கும் சங்கம் எதற்காக ஏற்பட்டது? ஆனால் எதற்குக் கடன், எவ்வளவு கடன் என்பதைப் பொதுச்சபை முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, மருந்து ஆகியவற்றிற்குக் குடும்ப நபர்களைக் கணக்கிட்டு ஒரு வரம்பு வைப்பது. மற்றவற்றிற்கு ரொக்கமே பெறுவது. மேற்சொன்ன சங்கத்தில் கடன் 1,30,000-க்குப் பதிலாக 80,000-த்தில் நிறுத்தப்பட்டு, எஞ்சிய 50,000-க்குரிய விற்பனை அடியோடு நடக்கவில்லை என்று வைத்தால்கூட, அதற்குரிய சரக்கு வாங்கும் செலவு 45,000 மிஞ்சும். முதல் மாதக் குறைவு 1,10,000-லிருந்து 65,000 ஆகும். சங்கம் இரண்டாவது மாதத்தையும் கடக்கும். வியாபாரம் குறைந்தது, சங்கம் நின்றது.

சர்க்காரின் உதவியையும் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். 2020 மார்ச்சு 27-ந் தேதி ரிஸர்வ் பாங்கு, கடன் தவணைகளை மூன்று மாதம் நிறுத்திவைக்கப் பாங்குகளுக்கு அனுமதியளித்தது. பின் அது ஆகஸ்டு 31 வரை நீடிக்கப்பட்டது. இதனைத் தள்ளுபடி என்று எண்ணியவர் பலர். தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. ஆறு மாத வட்டி அசலோடு சேர்ந்து வந்தபொழுது திகைத்தார்கள். இரண்டு கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு வட்டியின்மேல் ஏறிய வட்டியை மட்டும் சர்க்கார் பின்னர் ஏற்றுக்கொண்டனர்.

பால் சங்கங்கள் செய்தது

பால் வியாபாரத்தில் இக்கஷ்டம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. பசுவுக்கு ஊரடங்கு கிடையாது. ஹோட்டல்களும் காப்பிக்கடைகளும் மூடவே பாலின் தேவை நாலில் ஒன்று அல்லது ஐந்தில் ஒன்று குறைந்ததாக 2020 மே மாதத்தில் மத்திய சர்க்கார் கூறினர். தனியார் கம்பெனிகள் பல கொள்முதலைக் குறைத்துக்கொண்டன. அங்கு விலைபோகாத பாலும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வந்தது. நாடு முழுவதும் சங்கங்கள் நாளொன்றுக்கு 560 லட்சம் லிட்டர் வாங்கின. விற்றது 360 லட்சம் லிட்டர். ஒவ்வொரு நாளும் 200 லட்சம் லிட்டர் எஞ்சிற்று. இவ்வாறு மிகையாக வாங்கியது மொத்தம் 111 கோடி லிட்டர். அதற்காக உற்பத்தியாளர் கையில் சேர்ந்தது 4,100 கோடி ரூபாய். லிட்டருக்குச் சுமார் 37 ரூபாய் விழுகிறது.

எஞ்சிய பால் பொடியாகவும் வெண்ணெயாகவும் மாற்றப்பட்டுக் கிடங்கில் அடைந்தது. பால்பொடி விலையும் அப்பொழுது இறங்கிற்று. சங்கங்களின் ரொக்கம் கிடங்கில் முடங்கிக் கிடக்க, நடைமுறை மூலதனக் கடனுக்கு நூற்றுக்கு 2 வீதம் வட்டிச் சலுகை அளிக்கும் திட்டத்தை மத்திய சர்க்கார் அறிவித்தனர். பாலைப் பொடியாக்கும் இயந்திரமும், அதனை வைக்கக் கிடங்கும், கடன்தர பாங்கும் உள்ள மேற்சங்கங்களால் இது முடிந்தது. காய்கறிக்கும் பூவுக்கும் அத்தகைய மேற்சங்கம் இல்லை. கத்தரிக்காயும் மல்லிகையும் செடியிலேயே அழிந்தன.

பயமில்லாத கடை

பெருங்காரணம் பயமாயிருக்குமிடத்தில், பயத்தைக் குறைக்கும் ஏற்பாடே வியாபார ஏற்பாடாகும். நகரத்துப் பெருங்கடைக்கு இல்லாத ஓர் அனுகூலம் கிராமச் சங்கத்திற்கு உண்டு. அங்கத்தினர் யாவர், எந்தத் தெருவினர் என்பது பதிவேட்டில் இருக்கிறது. தெருவாரியாக நேரம் வகுத்து, முன்னதாகச் சாமான் சீட்டை வாங்கிப் பொட்டலங் கட்டி வைத்தால், கடைமுன் கூட்டமே சேராது. வயதானவர்க்கும் கர்ப்ப ஸ்திரீகளுக்கும் காலையில் முதல் நேரம் ஒதுக்கலாம். ஸ்வீடன் தேசத்துக் கணக்கு காட்டியபடி முதலில் கடையை விட்டு விலகுவோர் கிழவர்களே. முதல் வாரத்தில் இது தொல்லையாகவும், அங்கத்தினர் சிலரோடு சச்சரவாகவும் முடியும். அதற்காக விட்டுவிடலாகாது.

2021-ல் நோயின் இரண்டாவது அலை வந்தபொழுது நாடு முழுவதற்கும் பொதுவான அடைப்பு விதிக்கப்படவில்லை. மாகாணங்கள் தனித்தனியே விதித்தன. தமிழ்நாட்டில் மே 10-ந் தேதி முதல் அடைப்பு. அவ்வமயம் தெரிந்த முகங்கள் மறைந்துகொண்டிருந்தன. உத்தரவைக் கேட்டு வீட்டிலிருந்தவர்களைவிட, அடுத்த வீட்டைப் பார்த்து வீட்டிலிருந்தவர்கள் அதிகம் எனலாம். உலக சுகாதார ஸ்தாபனம் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது 2023 மே 5-ந் தேதி.

சங்கங்களின் அடுத்த கூட்டத்தில் பின்வருமாறு செய்து பார்க்கலாம். 2020 ஏப்ரல் மாதத்து விற்பனைச் சீட்டுகளும் 2019 ஏப்ரல் மாதத்துச் சீட்டுகளும் இருந்தால் எடுத்துவைத்து, ஒவ்வொரு சீட்டின் மேலும் ஊராரா, வெளியூராரா, நகரத்துக் கூலிக்காரரா என்று மூன்றில் ஒரு குறியிட வேண்டும். பெயரைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். பின் ரொக்கம், கடன் இரண்டையும் தனித்தனியே கூட்டி, அம்மாதக் கடனில் எவ்வளவு எந்த மாதத்தில் வசூலாயிற்று என்று பேரேட்டிலிருந்து எடுத்து எழுத வேண்டும். இன்னும் வசூலாகாதது எவ்வளவு என்பது கடைசிப் பத்தியில் வரும். பழைய சீட்டுகளை எலி அரித்துவிட்ட சங்கங்கள், நடக்கும் மாதத்திலிருந்தே குறியிட ஆரம்பிக்கலாம்.